மிதவை நின்ற இடம்

பிப்ரவரி 19, வியாழன்

காற்று வடகிழக்கு, லேசு. கடல் அமைதி. துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற டக் படகில் இருபத்தாறு வருஷம் வின்ச் ஓட்டி, தினமும் லாக் புத்தகத்தில் இரண்டு வரி எழுதிப் பழகிய கை இது. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆன பிறகும், இன்றைக்குப் போன்ற ஒரு நாளிலும், காற்றை எழுதித்தான் தொடங்குகிறது.

காலை ஐந்தேகாலுக்குத் தொபியாஸின் தோணி மோதிவிட்டது. தொபியாஸ் என் பெண்டாட்டி ரோசாலியின் தம்பி. பத்தொன்பது வருஷம் மற்றவர்கள் தோணியில் ஓடி, போன வருஷம்தான் சொந்தமாக ஒன்று வாங்கினான். முதலாளியும் அவனே, தண்டலும் அவனே. தண்டல் என்றால் தோணிக்குக் கேப்டன். மாலத்தீவுக்கு வெங்காயமும் கூரை ஓடும் சிமெண்டும் ஏற்றிப் போனவன், துறைமுகத்தை விட்டு மூன்று மைல் தாண்டவில்லை.

மோதியது நவம்பர் புயலில் மூழ்கிய பார்ஜில், கல் ஏற்றுகிற தட்டைக் கலம். அலைத்தடுப்புச் சுவர் கட்டுகிற காண்ட்ராக்ட் கம்பெனியுடையது. மூழ்கிய இடத்தில் அவர்கள் ஓர் ஆரஞ்சு நிற மிதவையைப் போட்டு, மேலே மினுக்கு விளக்கு வைத்திருந்தார்கள்.

ஆள் ஒன்பது பேரும் பிழைத்தார்கள், மாதாவுக்குத் தோத்திரம். அடிப்பலகை பன்னிரண்டு அடிக்குக் கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசலோடு தோணியைக் கரை சேர்த்தானே, அதை எழுதியே ஆகவேண்டும். படுக்கிற மெத்தைகளை எல்லாம் ஓட்டையில் திணித்து, தார்ப்பாயை அடியில் ஓட்டி நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, பாதிச் சரக்கைக் கடலில் தள்ளி, இரண்டு படகுக்கு நடுவே தாங்கலாகக் கொண்டுவந்துவிட்டான். நான் பார்த்த டக் கேப்டன்களில் பாதிப் பேருக்கு அந்த நேரத்தில் வாயில் கெட்ட வார்த்தை தவிர ஒன்றும் வந்திருக்காது.

கரைக்கு வந்ததும் என்னிடம் ஒன்றுதான் சொன்னான். "மிதவை இடப்பக்கம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு அத்தான். நல்லா ஒதுங்கித்தான் வந்தேன்."

"இருட்டுல கண்ணு என்னத்தையும் காட்டும் மாப்ள," என்றேன்.

சாயங்காலம் என் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனேன். தூண்டில் போடவில்லை. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 21, சனி

மிதவை தெற்குக் கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது என்று ஊரே பார்க்கப் போனது. நான் போகவில்லை. பார்க்க என்ன இருக்கிறது.

கம்பெனிக்காரர்கள் பார்ஜைச் சுற்றி நேற்றே மூன்று புது மிதவை போட்டுவிட்டார்கள். இப்போது மட்டும் கால் முளைத்துவிட்டது.

பிப்ரவரி 22, ஞாயிறு

தவக்காலத்து முதல் ஞாயிறு. சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளமாக இருந்தது. முட்டி வலி என்று ரோசாலியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

தொபியாஸோடு வக்கீலைப் பார்க்கப் போனேன். செண்பகவல்லி என்று பெயர். கோவில்பட்டிப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். மேசை மேல் கடல் படம் விரித்து வைத்திருந்தார். கரிசல் காட்டுக்காரிக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிஷத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் விளக்கியது இது. மூழ்கிக் கிடக்கிற கலம் யார் பொறுப்பில் இருக்கிறதோ, அவர்தான் அதற்கு அடையாளம் வைக்கவேண்டும். அடையாளம் இல்லாத கலத்தில் இன்னொரு கலம் மோதிச் சேதமானால் நஷ்டம் முழுக்க அவர் தலையில். அடையாளம் ஒழுங்காக இருந்தும் மோதினால் மோதினவன் தலையில்.

"அடையாளம் வச்சா மட்டும் போதாது அண்ணாச்சி. அது அந்த இடத்துல நிக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்," என்றார்.

கம்பெனி ஒரு பதிவேடு கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஆள் போய்ப் பார்த்ததாக: 'மிதவை உரிய இடத்தில் உள்ளது, விளக்கு எரிகிறது.' ஒவ்வொரு வாரமும் கையெழுத்து. தண்டல் கவனக்குறைவாக வந்து மிதவையையும் இழுத்துத் தள்ளிக்கொண்டு பார்ஜில் ஏறிவிட்டார், அதனால்தான் மிதவை கரை ஒதுங்கியது என்பது அவர்கள் கட்சி.

அடுத்த மாதம் துறைமுக விசாரணை. அதில் தொபியாஸ் மேல் குற்றம் என்று வந்தால் தண்டல் சான்றிதழ் போகும். இன்ஷூரன்ஸ் இல்லை, தோணியும் கிடந்த இடத்திலேயே மக்கவேண்டியதுதான். நாற்பத்திரண்டு வயதில் மறுபடியும் யார் தோணியிலாவது கயிறு இழுக்கப் போகவேண்டும்.

மார்ச் 3, செவ்வாய்

ரசத்தில் உப்பே இல்லை. சொல்லவில்லை.

மார்ச் 4, புதன்

"உடம்புக்கு என்ன?" என்றாள் ரோசாலி.

"ஒண்ணுமில்லையே."

"நேத்து வேணும்னுதான் ரசத்துல உப்புப் போடலை. முப்பது வருசத்துல ஒரு நாள் கூட நீங்க கொறை சொல்லாம சாப்பிட்டதில்ல. சோதிச்சுப் பாத்தேன்."

இவளை வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கலாம்.

மார்ச் 6, வெள்ளி

வக்கீலம்மா இடத்தை நேரில் பார்க்கவேண்டும் என்றார். தொபியாஸ் என் படகையே கை காட்டிவிட்டான். அவர் இதற்கு முன் படகில் ஏறியதே இல்லை. துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை வாந்தி எடுத்தார். திரும்பிவிடலாம் என்றேன். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஓட்டுங்க அண்ணாச்சி, என் வேலை குடல்ல இல்ல," என்றார். அந்த மனுஷிக்கு ஒரு கும்பிடு.

பார்ஜ் கிடக்கும் இடத்தில் படகை நிறுத்தினேன். தண்ணீருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க தெனமும் கடலுக்கு வாறவரு. அந்த மிதவையைக் கடைசியா இந்த இடத்துல எப்பப் பாத்தீங்க?"

"தெனம் பாக்கிறதை யாரு தேதி போட்டுப் பாப்பா வக்கீலம்மா," என்றேன்.

தலையாட்டிவிட்டு நாலாவது தடவை வாந்தி எடுத்தார். இன்றைக்கு அது எனக்கு நல்லதாகப் போயிற்று.

மார்ச் 11, புதன்

வக்கீல் வீட்டில் மறுபடியும். அவர் தொபியாஸிடம் நிதானமாகக் கேட்டார். விடியாத நேரம், நீங்கள் பார்த்த விளக்கு ஏதாவது மீன்பிடிப் படகின் விளக்காக இருந்திருக்கலாம் இல்லையா? உங்களுக்கே அந்தச் சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள். மிதவை முன்னாடியே அறுந்து போயிருந்தால் பார்ஜுக்கு அடையாளமே இல்லை என்று ஆகும். அப்புறம் கேஸில் நிற்கக் கம்பெனிக்கு இடமே கிடையாது.

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "அதான் மாப்ள! படகு விளக்குதான் அது. நானே எத்தனை தடவை ஏமாந்திருக்கேன்," என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அளவுக்கு மேல் பேசினேன் என்று இப்போது தெரிகிறது.

தொபியாஸ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வக்கீலிடம் திரும்பினான்.

"படகு விளக்கு ஆடும் மேடம். இது மூணு மினுக்கு, ஒரு நிறுத்தம். மிதவைதான். அதை இடப்பக்கம் விட்டுத்தான் வந்தேன்."

"அப்படிச் சொன்னா, மோதினதுக்கு உங்ககிட்டப் பதில் இல்லையே?"

"இல்லதான். அதுக்காகப் பாத்ததைப் பாக்கலைன்னு சொல்ல முடியாதே."

ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் தோணி திரும்பக் கிடைக்கும். பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. மாட்டேன் என்கிறான். வரும் வழியில் டீக்கடையில் பன் வாங்கி டீயில் முக்கித் தின்றான். என் பன்னையும் அவன் பக்கம் நகர்த்திவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

முட்டி வலி.

மார்ச் 24, செவ்வாய்

விசாரணை முதல் நாள். துறைமுக அலுவலகத்து மாடியில். விசாரணை அதிகாரி பழைய கப்பல் கேப்டன். கம்பெனிக்குச் சென்னையிலிருந்து ஒரு வக்கீல். தொபியாஸை இரண்டு மணி நேரம் நிற்க வைத்துக் கேட்டார்.

"மிதவையைப் பார்த்தீர்கள், விலகினீர்கள், ஆனாலும் மோதினீர்கள். மூன்றும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?"

"மூணும் உண்மைதான் சார்."

"எப்படி என்று சொல்லுங்கள்."

"அதை நான் சொல்ல முடியாது."

பின்னால் உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரன் ஒருத்தன் சிரித்தான். தொபியாஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டாமல், நிமிர்ந்து நின்றான். எனக்குப் பதினாறு வயது இளையவன். அவன் முன்னால் நான்தான் சின்னப் பயலாக உட்கார்ந்திருந்தேன்.

நாளையோடு விசாரணை முடிகிறது.

மார்ச் 25, புதன்

சொல்லிவிட்டேன்.

எல்லாம் முடிந்து, வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி வழக்கத்துக்குக் கேட்டார். எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டேன் என்றே தெரிந்தது.

இந்த நோட்டிலும் இதுவரை எழுதாததை எழுதுகிறேன். மூழ்கிய கலத்தைச் சுற்றி மீன் சேரும். களவாயும் விளமீனும் அங்கே குடித்தனமே நடத்தும். எங்கள் கரையில் மீன் கிடக்கும் இடத்தைக் கூடப்பிறந்தவனுக்குக்கூடச் சொல்லமாட்டோம். கரையில் கோபுரத்துக்கு நேரே எது, கலங்கரை விளக்குக்கு நேரே எது என்று அடையாளத்தை மனசிலேயே வைத்துக்கொண்டு சாவோம். ஆனால் இந்தப் பார்ஜின் மேல் கம்பெனிக்காரன் ஆரஞ்சு மிதவையைப் போட்டு, விளக்கும் வைத்து, ஊருக்கே விளம்பரப் பலகை மாட்டிவிட்டான். தினமும் முப்பது படகு வந்து சுற்றி நிற்கும். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

ஜனவரி ஒன்பதாம் தேதி அந்த மிதவையை அரைக் கிலோமீட்டர் வடக்கே மாற்றி வைத்தேன். அங்கே வெறும் மண், ஒரு மீன் கிடையாது. மறுநாளிலிருந்து முப்பது படகும் மிதவையைச் சுற்றி வெறும் மண்ணில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தது. நான் தனியாகப் பார்ஜுக்கு நேர் மேலே படகை நிறுத்தி மீனை அள்ளினேன். வீட்டுக்கு வந்து சிரித்தேன்கூட. பெரிய கப்பல்களுக்குத் தனி வழி இருக்கிறது, அதனால் யாருக்கு என்ன என்று நினைத்தேன். விடியுமுன் கிளம்புகிற தோணிகளுக்குப் பார்ஜ் கிடக்கும் பக்கம்தான் பாதை. என் மச்சினன் தோணி அந்த வழியாகத்தான் போகும் என்பதை நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இதைவிட வெட்கங்கெட்ட வரி ஒன்றை என் வாழ்நாளில் எழுதியதில்லை.

விபத்தன்று சாயங்காலம் போய்க் கயிற்றை அறுத்துவிட்டதும் நான்தான். அதையும் சொன்னேன்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கீழே கான்கிரீட் கல் இருக்குமே. ஒற்றை ஆளாகவா நகர்த்தினீர்கள்?"

"ஆமா சார். தண்ணி வத்தியிருக்கும்போது கயித்தை இறுக்கிப் படகுல கட்டிட்டேன். ஓதத்துல தண்ணி ஏறினப்போ படகே கல்லைத் தூக்கிருச்சு. மெதுவா இழுத்துட்டுப் போனேன்."

அவர் முகத்தில் ஒரு கணம் ஒரு மெச்சல் தெரிந்தது. எனக்கும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. அந்த நேரத்திலும்! மனுஷ ஜென்மத்தை என்ன சொல்ல.

சென்னை வக்கீல் குதித்து எழுந்தார். "அப்படியென்றால் விபத்துக்குக் காரணம் இவர்தான். எங்கள் கட்சிக்காரருக்குச் சம்பந்தமே இல்லை!"

செண்பகவல்லிக்கு நான் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் அந்தப் பெண் தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு, பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஜனவரி பதினாறு, இருபத்துமூணு, முப்பது. பிப்ரவரி ஆறு, பதிமூணு. அஞ்சு வெள்ளிக்கிழமை. அஞ்சு நாளும் கடலுக்குப் போனீங்களா அண்ணாச்சி?"

"போனேன்."

"கம்பெனிப் படகு மிதவையைப் பாக்க வந்துச்சா?"

"ஒரு தடவைகூட வரலை. வந்திருந்தா முதல்ல ஓடியிருப்பது நான்தான்."

கூட்டத்தில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. அதிகாரியைப் பார்த்துத் திரும்பிச் சொன்னார்: ஒருத்தர் விஷமம் செய்து மறுநாளே விபத்து நடந்திருந்தால், கம்பெனிக்குத் தெரிய வாய்ப்பில்லை என்று நானே ஒத்துக்கொள்வேன். நாற்பத்தோரு நாள் மிதவை தப்பான இடத்தில் நின்றிருக்கிறது. ஐந்து முறை 'உரிய இடத்தில் உள்ளது' என்று கரையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பார்ஜ் அவர்களுடையது, அடையாளம் காக்கிற கடமையும் அவர்களுடையது. இவர் செய்த குற்றத்துக்கு இவர் பதில் சொல்லட்டும். அவர்கள் செய்யாத வேலைக்கு அவர்கள் பதில் சொல்லவேண்டும். தண்டல் மட்டும்தான் இந்த அறையில் முதல் நாளிலிருந்து உண்மை பேசியவர்.

இவ்வளவையும் குரலை உயர்த்தாமல் சொன்னார். படகில் அவ்வளவு வாந்தி எடுத்த பெண்ணா இது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தொபியாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டான்.

மார்ச் 27, வெள்ளி

முத்துக்குளித்த குடும்பத்துக்காரர் ஒருவரை இறக்கித் தேடினார்கள். நான் சொன்ன இடத்தில், மண்ணுக்குள் பாதி புதைந்து, கம்பெனியின் நம்பர் எழுதிய கான்கிரீட் கல். சாட்சி போதும் என்றார்களாம்.

ரோசாலி சோறு போடுகிறாள். உப்பு சரியாக இருக்கிறது. பேச்சு இல்லை.

மார்ச் 28, சனி

வீட்டு வாசலில் பத்துப் பேர். போலீஸோ என்று பயந்தேன். மீன்பிடிக்கிறவர்கள்தான்.

"நாப்பத்தோரு நாளு எங்கள வெறும் மண்ணுல தூண்டி போட வச்சியே, நீ நல்லாயிருப்பியா வே!" என்று லொயோலா கத்தினான். "எறாலு எரைக்கு மட்டும் எவ்வளவு போட்டிருப்போம்!"

தோணி உடைந்ததைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. அடி வாங்கத் தயாராகத்தான் நின்றேன். ரோசாலி கதவைத் திறந்து, "அவரைத் திட்ட நான் இருக்கேன். வரிசை என் பின்னால," என்றாள். போய்விட்டார்கள். மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது, அதுவும் என்னிடம் இல்லை.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "ஊருக்கே சொல்லியாச்சு, நான் மட்டும்தான் பாக்கியா கஸ்பார்?" என்றார் சாமியார். கடுமையான அபராதம்தான் கொடுத்தார். லேசாக இருந்தது.

ஜூன் 12, வெள்ளி

விசாரணை முடிவு வந்துவிட்டது. அடையாளத்தைக் கண்காணிக்கத் தவறியது கம்பெனி. சேதத்துக்குப் பொறுப்பு அவர்களுடையது. தண்டல் மேல் எந்தக் குற்றமும் இல்லை. 'பார்த்ததை மாற்றிச் சொல்லாத சாட்சி' என்று தொபியாஸைப் பற்றி ஒரு வரியே எழுதியிருக்கிறார் அந்த அதிகாரி. வக்கீலம்மா அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

கோர்ட்டுக்குப் போனால் நிற்காது என்று கம்பெனியே தோணியைப் பழுது பார்த்துத் தர ஒத்துக்கொண்டது. என் படகின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. மிதவையைத் தொட்டதற்கு என் மேல் தனி வழக்கு. ஒத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன்.

தொபியாஸ் இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்காவை மட்டும் கோயிலில் வைத்துப் பார்த்துப் பேசுகிறானாம்.

செப்டம்பர் 3, வியாழன்

காற்று தென்மேற்கு, ஓய்ந்து வருகிறது. சீசன் தொடக்கம். புதுப் பலகை போட்டு, சுண்ணாம்பும் எண்ணெயும் பூசி, தோணி இன்று சரக்கேற்றிப் புறப்பட்டது.

ரோசாலி போய் வழியனுப்பினாள். நான் கிரேனுக்குப் பின்னால் நின்றேன். பலகைக்குப் பலகை இடைவெளி தெரியாத வேலை. அவன் ஆட்களைப் பெயர் சொல்லி ஏவுகிற அழகையும், யாரும் ஒரு கயிற்றை இரண்டு தடவை தொடாததையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை ஒரு பை மீனுக்காக உடைத்தேன்.

சாமியார் மந்திரித்து முடித்ததும் தொபியாஸ் நேராக நான் நின்ற இடத்துக்கு வந்தான்.

"வெயில்ல ஏன் நிக்கிறீங்க அத்தான்."

ஐந்து மாசத்துக்குப் பிறகு கேட்ட முதல் வார்த்தை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆனால் "நான் செஞ்சேன்னு ஒனக்கு எப்பத் தெரியும் மாப்ள?" என்றுதான் வந்தது.

"மோதின அன்னைக்கே. விடிஞ்சதும் மிதவையைப் பாத்தேன். அறுந்து போன மிதவை அப்படி நிக்காது. நல்ல பிடிப்பான மண்ணாப் பாத்து, நிதானமா யாரோ இறக்கி வச்ச மாதிரி நின்னுச்சு. அந்த இடத்துல நங்கூரம் நிக்கும்னு டக்குல வேலை பாத்தவருக்குத்தான் தெரியும். அதையும் ஒத்தையில நகத்த இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

"தெரிஞ்சும் சொல்லலையே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தப்பிச்சிருப்பியே."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"சொல்லாமலே இருந்திருந்தா?"

அவன் அதை அப்போதுதான் முதல் தடவையாக யோசிப்பவனைப் போல நெற்றியைச் சுருக்கினான். "அப்படி ஒண்ணு இருக்குன்னே நான் நெனைக்கலையே அத்தான்," என்றான். சங்கு ஊதிவிட்டது. என் தோளைத் தட்டிவிட்டுப் பலகை மேல் ஓடி ஏறிக்கொண்டான்.

மோதின நாளுக்கும் நான் எழுந்து நின்ற நாளுக்கும் நடுவே முப்பத்து நான்கு நாள். அந்த முப்பத்து நான்கு நாளும் நான் சொல்லுவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அவனுக்கு இருந்திருக்கிறது.